தோற்றமும் தொழிலும்: விமானப் பணிப்பெண்ணை முன்னிறுத்திச் சில விமர்சனக் குறிப்புகள்

1

ஒருவரை அவரது உழைப்பினாலன்றித் தோற்றத்தினால் மதிப்பிடும் வழக்கம் இன்று நேற்றுத் தோன்றியதன்று. எனினும், அவ்வழக்கம் தொழில் விதியாக எழுத்திலே வடிக்கப்பட்டு, அளவுநாடாவும் நிறைத்தராசும் கொண்டு நடைமுறைப்படுத்தப்பட்டமையை இருபதாம் நூற்றாண்டின் சேவைத் தொழில்களிலேயே நாம் தெளிவாகக் காண்கிறோம். ஆட்சேர்ப்பின்போதும் சேர்ந்த பின்னரும் உயரம், நிறை, முகவமைப்பு, கூந்தல், தோலின் நிறம், வயதின் சாயல் ஆகியவற்றைக் காரணமாகக் காட்டி ஒருவரை ஏற்பதும் விலக்குவதுமாகிய இவ்வழக்கத்தைத் தோற்றப் பாகுபாடு என இக்கட்டுரையிலே குறிப்பிடுவோம்.

முற்போக்குச் சிந்தனையாளரிடையேயும் இப்பொருள் அற்பமானதாகவே பெரும்பாலும் கருதப்பட்டு வந்துள்ளது. கூலி, வேலைநேரம், வேலையின்மை முதலாய பெரும் பிரச்சினைகளின் முன்னே ஒருவரது உதட்டுச்சாயமும் இடையளவும் எம்மாத்திரம் என்னும் எண்ணமே இதற்குக் காரணம். இவ்வெண்ணம் தவறானது என்பது எமது நிலைப்பாடு. தோற்றப் பாகுபாடு கூலிப் பிரச்சினைக்குப் புறம்பானதன்று. அது கூலிப் பிரச்சினையின் ஒரு வடிவமாகும். தனிமனிதரின் கண்ணிலே உள்ள கோணலாக அதனை நோக்கும்வரை அதன் இயல்பை நாம் அறியப்போவதில்லை.

இதனை நிறுவுவதற்கு ஐக்கிய அமெரிக்காவின் விமானப் பணிப்பெண்களின் வரலாற்றை எடுத்துக்கொள்கிறோம். அத்தொழிலிலே விதிகள் மறைவாக இருக்கவில்லை, வெளிப்படையாக எழுதப்பட்டிருந்தன. அவற்றை எதிர்த்து நடந்த வழக்குகளின் தீர்ப்புகளும் எம்முன் உள்ளன. அத்துடன், இப்பொருளைப் பற்றியும் அதனைச் சூழவும் மூன்று நூல்கள் முக்கியமானவை: ஆர்லி ஹொக்சைல்ட் எழுதிய ‘நிருவகிக்கப்பட்ட இதயம்’ (1983), கத்லீன் பரி எழுதிய ‘பறத்தலிலே பெண்மை’ (2007), பொருளியலாளரான டானியல் ஹமர்மெஷ் எழுதிய ‘அழகு பலன் தரும்’ (2011). மூன்றும் மூன்று நோக்குகளைப் பிரதிநிதித்துவம் செய்வன. அவற்றின் பெறுமதியையும் போதாமையையும் வரலாற்றின் ஒளியிலே மதிப்பிடுவதே எமது நோக்கமாகும்.

2

1930 மே 15 ஆந் திகதி எலன் சேர்ச் என்னும் பதிவுபெற்ற தாதி, போயிங் எயர் ட்ரான்ஸ்போட் நிறுவனத்தின் விமானமொன்றிலே உலகின் முதலாவது விமானப் பணிப்பெண்ணாகக் கடமையாற்றினார். அந்நிறுவனம் பின்னர் யுனைற்றெட் எயர்லைன்ஸின் பகுதியாயிற்று. முதலிலே சேர்க்கப்பட்ட எண்மரும் தாதியரே. அவர்கள் மணமாகாதவராயும், 25 வயதுக்கு உட்பட்டவராயும், 5 அடி 4 அங்குல உயரத்துக்கும் 115 இறாத்தல் நிறைக்கும் மேற்படாதவராயும் இருத்தல் வேண்டும் என விதிக்கப்பட்டது. அக்காலத்து விமானங்களின் தாழ்ந்த கூரையும் குறைந்த தாங்குதிறனும் உயர, நிறை விதிகளுக்கு ஓரளவு நியாயம் வழங்கின எனக் கொள்ளலாம். ஆயின், விமானங்கள் பெருத்தபின்னரும் விதிகள் நீங்கவில்லை. இரண்டாம் உலகப் போரின்போது தாதியர் போர்ப்பணிக்குத் தேவைப்பட்டமையால், தாதித் தகைமை கைவிடப்பட்டது. தோற்றத் தகைமை எஞ்சி நின்றது. பயணியின் உயிரைக் காக்கும் அறிவு விதிவிலக்குக்கு உரியதாயிற்று, இடையளவு விதிவிலக்கற்றதாயிற்று. தொழிலுக்கு எது இன்றியமையாதது என நிறுவனங்கள் உண்மையிலே கருதின என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

1953 இல் அமெரிக்கன் எயர்லைன்ஸ், புதிதாகச் சேரும் பணிப்பெண்கள் 32 வயதிலே பறக்கும் பணியிலிருந்து விலகவேண்டும் என விதித்தது. பிற நிறுவனங்கள் சிலவும் 32 அல்லது 35 வயதை எல்லையாகக் கொண்டன. திருமணத் தடையோ அதற்கு முன்பிருந்தே இருந்தது. அதே விமானத்தைச் செலுத்திய ஆடவருக்கு இத்தகைய திருமணத் தடை எதுவும் இருக்கவில்லை.

இவ்விதிகள் எவ்வாறு தோன்றி நிலைபெற்றன? ஆண்களின் பார்வை, காலத்தின் ரசனை என விடையிறுப்பது எளிது. ஆயின், அதற்கு அடியிலே ஒரு பொருளாதார நியதி இருந்தது. 1938 முதல் ஐக்கிய அமெரிக்காவிலே விமானக் கட்டணங்களும் வழித்தடங்களும் சிவில் விமானப் போக்குவரத்துச் சபை என்னும் அரச நிறுவனத்தின் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டிருந்தன. 1978 இல் கட்டுப்பாட்டு நீக்கச் சட்டம் வரும்வரை இந்நிலை நீடித்தது. ஒரே வழியிலே ஒரே வகை விமானத்தை ஏறத்தாழ ஒரே கட்டணத்துக்குச் செலுத்திய நிறுவனங்கள் விலையிலே போட்டியிட முடியாதிருந்தன. எனவே அவை உணவிலும் உபசரிப்பிலும் போட்டியிட்டன. ஈற்றிலே பணிப்பெண்ணின் உடலிலே போட்டியிட்டன. 1965 இல் பிரானிஃப் நிறுவனம், பறப்பின்போது பணிப்பெண்கள் உடைகளை ஒவ்வொன்றாக மாற்றுவதையே விளம்பரமாக்கியது. 1971 இல் நஷனல் எயர்லைன்ஸ், பணிப்பெண் தன் பெயரைக் கூறித் தன்னிலே பறக்குமாறு பயணியை அழைப்பதாக விளம்பரம் செய்தது. விற்கப்பட்ட பண்டம் ஆசனமா, ஆளா என்னும் வேறுபாடு இங்கே வேண்டுமென்றே அழிக்கப்பட்டமையை அவதானிக்கலாம்.

இரண்டாவது காரணமும் உண்டு. இருபது வயதிலே சேர்ந்து, திருமணத்தினாலோ வயதெல்லையினாலோ சில ஆண்டுகளிலே நீங்கும் தொழிலாளிக்குச் சேவை மூப்பின்படி உயரும் சம்பளம் கொடுக்கவேண்டியதில்லை. ஓய்வூதியச் சுமையும் இல்லை. தோற்ற விதி இவ்வாறு மலிவான உழைப்பை இடையறாது புதுப்பித்துக்கொள்ளும் கருவியாகவும் பயன்பட்டது. இளமை வேண்டும் என விதி கூறியது. சேவை மூப்பு வேண்டாம் என்பதே அதன் நடைமுறைப் பொருளாயிற்று.

எமது பிரபந்த மரபிலே பாதாதிகேசம், கேசாதிபாதம் என இரு வகைகள் உண்டு. அடிமுதல் முடிவரையும் முடிமுதல் அடிவரையும் உறுப்புகளைப் பாடிப் புகழ்வன அவை. விமான நிறுவனங்களின் பணிக் கைந்நூலும் ஒருவகைக் கேசாதிபாதமே. கூந்தலின் நீளம், உதட்டுச்சாயம், நகம், கச்சை, காலணி என அதுவும் ஒழுங்காக இறங்கிச் செல்கிறது. புலவனின் வருணனை புகழும் நோக்குடையது. கைந்நூலின் வருணனை கண்காணிக்கும் நோக்குடையது. மேற்பார்வையாளர் பணிப்பெண்களை நிறுத்து, நிறை கூடியவரை இடைநிறுத்தினர். கச்சை அணிந்துள்ளாரா என்பதும் சோதிக்கப்பட்டது.

‘தோற்றம்’ என்னும் சொல்லின் நெகிழ்ச்சி வேறொரு பாகுபாட்டுக்கும் இடமளித்தது. முதலாவது கறுப்பினப் பணிப்பெண்ணான ரூத் கரோல் ரெய்லர், மொஹோக் எயர்லைன்ஸ் நிறுவனத்திலே 1958 பெப்ரவரியிலேயே பறக்க முடிந்தது. எலன் சேர்ச்சுக்கும் அவருக்கும் இடையே ஏறத்தாழ இருபத்தெட்டு ஆண்டுகள் கழிந்துவிட்டன. சில மாதங்களிலேயே அவரும் திருமணத் தடையினால் வேலையை விட நேர்ந்தது. 1960 இல் பற்றீசியா பாங்ஸ் என்னும் இன்னொரு கறுப்பினப் பெண்ணைச் சேர்க்குமாறு கப்பிற்றல் எயர்லைன்ஸுக்கு நியூ யோர்க் மாநில ஆணைக்குழு கட்டளையிட வேண்டியிருந்தது. அழகு என்று பொதுவாகப் பேசப்பட்டது உண்மையிலே வெள்ளை இனத்து மத்தியதர வர்க்கக் குமரியின் வார்ப்புருவே என்பது இதனாற் பெறப்படும்.

3

இவ்வரலாற்றுப் பின்னணியிலே நூல்களை நோக்குவோம். ஹொக்சைல்டின் நூல், மார்க்ஸ் தமது ‘மூலதனம்’ நூலிலே காட்டும், சுவர்த்தாள் தொழிற்சாலையில் உழைத்த சிறுவனைக் குறிப்பிட்டுத் தொடங்குகிறது. அச்சிறுவனின் உடல் இயந்திரத்தின் உறுப்பாக்கப்பட்டதுபோல, டெல்ரா நிறுவனத்துப் பணிப்பெண்ணின் உணர்ச்சி சேவையின் உறுப்பாக்கப்படுகிறது என்பது நூலாசிரியரின் வாதம். புன்னகை வேலைக்கு அலங்காரமன்று, அதுவே வேலையின் ஒரு பகுதி என அவர் காட்டினார். ‘உணர்ச்சி உழைப்பு’ என்னும் கருத்தாக்கம் அதன்பின்னரே சமூகவியலிலே வேரூன்றியது. இயல்பு எனக் கருதப்பட்டதை உழைப்பு என அடையாளம் கண்டமை இந்நூலின் நிலையான சாதனையாகும். வேலைப்பளு கூடியபோது பணிப்பெண்கள் புன்னகையைக் குறைத்து எதிர்ப்புக் காட்டியமையையும் அது பதிவுசெய்கிறது.

எனினும், நூலின் ஈர்ப்பு மையம் தனிமனிதரின் அகத்திலேயே உள்ளது. தொழிலாளி தன் மெய்யான உணர்விலிருந்து அந்நியப்படுகிறாள் என்பதே ஆசிரியரின் பெருங்கவலை. அந்நியமாதல் உண்மையே. ஆயின், நிறைத்தராசிலே நிறுத்தப்பட்டு இடைநிறுத்தப்பட்டவளின் இழப்பு அகத்தில் மட்டும் நிகழ்ந்ததன்று. அந்த மாதச் சம்பளத்திலும் நிகழ்ந்தது. மனத்தை நுணுகி ஆராயும்போது இது பின்னொதுங்கி விடுகிறது.

பரியின் நூல் இக்குறையைப் பெரிதும் நிறைவுசெய்கிறது. அவர் வரலாற்றாசிரியர், தொழிற்சங்க ஆவணங்களை ஊன்றிப் படித்தவர். கவர்ச்சி என்பது உழைப்பை மறைக்கும் திரையாகத் தொழிற்பட்டது என்பது அவரது மையக் கருத்து. சிரமமின்றிச் செய்வதுபோலத் தோன்றச் செய்வதே அத்தொழிலின் சிரமம். அது வெற்றிபெறுந்தோறும், செய்தவர் உழைக்கவே இல்லை என்ற முடிவுக்குப் பார்ப்போர் வந்தனர். அம்முடிவு குறைந்த கூலிக்கு நியாயமாயிற்று. இது ஆழமான அவதானிப்பாகும்.

பணிப்பெண்களை வெறும் பலியாட்களாக அவர் காட்டவில்லை என்பதும் பாராட்டுக்குரியது. 1945 இலேயே யுனைற்றெட் எயர்லைன்ஸ் பணிப்பெண்கள் தமக்கெனச் சங்கம் அமைத்தனர். பின்னர் அவர்களுட் பலர் விமானமோட்டிகளின் சங்கத்தின் நிழலிலே நெடுங்காலம் இருக்க நேர்ந்தது. 1970களிலே தனித்தியங்கும் சங்கங்கள் உருவாயின. 1972 இல் பெண்ணுரிமைக்கான பணிப்பெண்கள் அமைப்புத் தோன்றி, இழிவான விளம்பரங்களை வெளிப்படையாகக் கண்டித்தது. ஆயினும், பரியின் ஆய்வு பெரும்பாலும் 1970களோடு நின்றுவிடுகிறது. கட்டுப்பாட்டு நீக்கத்தின் பின்னர் போட்டி விலைக்கு மாறியபோது, உடலின் மீதான அதிகாரம் எவ்வாறு உருமாறியது என்ற வினாவை வாசகரே தொடரவேண்டியுள்ளது.

4

ஹமர்மெஷின் நூல் முற்றிலும் வேறு தளத்திலே இயங்குவது. அதன் அடிப்படை, அவரும் ஜெஃப் பிடிலும் 1994 இல் வெளியிட்ட ஆய்வாகும். ஐக்கிய அமெரிக்காவிலும் கனடாவிலும் நேர்காணல் செய்தோர், தாம் சந்தித்தவர்களின் தோற்றத்துக்கு இட்ட புள்ளிகளை வருமானத்தோடு ஒப்பிட்டு, அழகற்றோர் எனக் கணிக்கப்பட்டவர்கள் சராசரித் தோற்றமுடையோரிலும் 5 முதல் 10 சதவீதம் குறைவாக உழைக்கின்றனர் என அவர்கள் கண்டனர். அழகுக்குக் கிடைக்கும் மேலதிகம் இத்தண்டத்திலும் சற்றுக் குறைவானது. ஆடவர் மீதான தாக்கம் பெண்டிர் மீதானதற்குக் குறைந்ததன்று. எல்லாவற்றிலும் முக்கியமானது, இத்தாக்கம் பெரும்பாலும் தொழில்வகையைச் சார்ந்திராமல் நிகழ்கிறது என்னும் முடிவாகும்.

இம்முடிவின் முக்கியத்துவத்தை நாம் குறைத்து மதிப்பிடலாகாது. வாடிக்கையாளர் விரும்புகின்றனர், நாம் என்செய்வோம் என்பதே முதலாளிமாரின் வழக்கமான விடை. வாடிக்கையாளரின் கண்ணிற் படாத தொழில்களிலும் தண்டம் விதிக்கப்படுகிறதெனின், அவ்விடை முழு உண்மையன்று என்பது பெறப்படும். அளவைமுறைப் பொருளியலின் கருவிகளைக் கொண்டே இது காட்டப்பட்டமை குறிப்பிடத்தக்கது.

ஆயின், இந்நோக்கின் எல்லையும் இங்கேயே வெளிப்படுகிறது. அழகை ஒருவர் பிறப்பிலே கொண்டுவரும் அரிய பண்டமாகவும், சந்தை அதற்கு இடும் விலையாக வருமான வேறுபாட்டையும் ஹமர்மெஷ் கொள்கிறார். நேர்காணல் செய்தவர் கண்ட முகம் எத்தகையது? ஒழுங்கான பல்லும், ஊட்டம் பெற்ற தோலும், உறங்கி விழித்த கண்ணும், பொருந்திய உடையும் வருமானத்தின் காரணங்களா, விளைவுகளா? வறுமை முதலிலே முகத்தில் எழுதப்பட்டு, பின்னர் அம்முகமே வறுமைக்குக் காரணமாக வாசிக்கப்படுவதும் உண்டு. ஆசிரியர் இச்சிக்கலை அறியாதவரல்லர். உடைக்கும் ஒப்பனைக்கும் செய்யும் செலவின் பயனையும் அவர் ஆராய்கிறார். எனினும், அவரது சட்டகத்திலே தொழிலாளி தன் தோற்றத்தோடு சந்தைக்கு வருகிறாள். அங்கே விலை தீர்மானிக்கப்படுகிறது. விமான நிறுவனங்களின் வரலாறோ எதிர்மாறானதைக் காட்டுகிறது. அங்கே தோற்றம் தொழிலகத்துக்குள்ளேயே உற்பத்தி செய்யப்பட்டது, பயிற்சிப் பள்ளியிலே வார்க்கப்பட்டது, கண்காணிப்பினாற் பேணப்பட்டது, அதற்கான நேரமும் பணமும் தொழிலாளியிடமிருந்தே பெறப்பட்டன. கொடுத்ததற்கு விலை வைத்தலும், கொடுக்குமாறு கட்டளையிடுதலும் ஒன்றல்ல.

அழகற்றோரையும் சட்டத்தாற் காக்கப்படும் ஒரு பிரிவினராக்கலாம் என ஹமர்மெஷ் முன்வைக்கும் பரிகாரமும் இக்குறையிலிருந்தே பிறக்கிறது. தம்மை அழகற்றவர் என மன்றிலே நிறுவிய பின்னரே ஒருவர் நீதி பெறலாம் என்றால், இழிவுபடுத்தியவரின் அளவுகோலையே இழிவுபட்டவரும் ஏற்கவேண்டியதாகும்.

5

சட்டம் இவ்விடயத்தை எவ்வாறு அணுகியது? 1964 இன் குடியியல் உரிமைகள் சட்டம், தொழிலிலே இனம், நிறம், மதம், பால், தேசிய மூலம் ஆகியவற்றின் அடிப்படையிலான பாகுபாட்டைத் தடைசெய்தது. அதன்கீழ் அமைந்த சமவாய்ப்பு ஆணைக்குழு 1965 இல் இயங்கத் தொடங்கியதும் முறைப்பாட்டோடு முதலில் வந்தவர்களுள் விமானப் பணிப்பெண்களும் இருந்தனர். 1967 இல் வயதுப் பாகுபாட்டுக்கெதிரான சட்டமும் வந்தது. ஆனால் அது காத்தது 40 முதல் 65 வயது வரையானவர்களை. 32 வயதிலே முதுமையடைந்தவராகக் கருதப்பட்ட பணிப்பெண் அச்சட்டத்தின் கண்ணுக்கு இளையவளாக இருந்தாள். எனவே வயது விதிக்கு எதிரான போராட்டம் பால்வழிப் பாகுபாடு என்னும் வாயிலாலேயே செல்லவேண்டியதாயிற்று.

1971 இல் மேன்முறையீட்டு நீதிமன்றமொன்று தீர்த்த டயஸ் எதிர் பான் அமெரிக்கன் வழக்கு இவ்வரலாற்றில் ஒரு திருப்புமுனையாகும். ஆண் என்பதற்காக வேலை மறுக்கப்பட்ட ஒருவர் தொடுத்த வழக்கு அது. பயணிகள் பெண்களையே விரும்புகின்றனர் என நிறுவனம் வாதிட்டது. விமான அறையின் மூடிய சூழலிலே பெண்ணே பயணியின் உளத்தேவையை நிறைவுசெய்வாள் எனச் சாட்சியம் கூற, புகழ்பெற்ற உளமருத்துவரான எறிக் பேர்ணை அழைத்தது. கீழ்மன்றம் இதனை ஏற்றது. மேன்முறையீட்டு மன்றம் நிராகரித்தது. பயணிகளைப் பாதுகாப்பாகக் கொண்டுசெல்வதே விமான நிறுவனத்தின் தலையாய பணி. அதன் சாரம் பாதிக்கப்பட்டாலன்றி வாடிக்கையாளரின் விருப்பம் பாகுபாட்டுக்கு நியாயமாகாது என்பதே தீர்ப்பின் பொருள். நடிப்பு, உருப்படக்கலை போன்ற துறைகளைச் சுட்டி எழுப்பப்படும் ஆட்சேபத்துக்கும் இத்தீர்ப்பிலே விடை உண்டு. தோற்றமே பணியின் சாரமாக உள்ள இடங்கள் மிகச் சில. ஏனையவற்றில் அது மேலே பூசப்பட்டதாகும். 1981 இல் சவுத்வெஸ்ற் நிறுவனத்துக்கு எதிரான வழக்கிலும் இதே நெறி பின்பற்றப்பட்டது. பெண்ணுக்கு மட்டும் விதிக்கப்பட்ட நிறைவிதி 1982 இல் வீழ்ந்தது. ஆடவருக்குப் பெருத்த உடலமைப்பின் அளவையும் பெண்டிருக்கு நடுத்தர உடலமைப்பின் அளவையும் கொண்ட யுனைற்றெட் நிறுவனத்தின் நிறை அட்டவணையும் 2000 இல் சட்டத்துக்கு முரணானதெனத் தீர்க்கப்பட்டது.

ஆயினும் இவ்வெற்றிகளின் எல்லையை நாம் மனங்கொள்ளல் வேண்டும். 1981 இல் அமெரிக்கன் எயர்லைன்ஸ் ஊழியரான ஒரு கறுப்பினப் பெண், தம் மரபுப்படி கூந்தலை வரிவரியாகப் பின்னுவதைத் தடுத்த விதியை எதிர்த்துத் தோற்றார். பின்னல் பிறப்போடு வந்ததன்று, மாற்றத்தக்கது என மன்றம் கூறியது. 2006 இல், நெவாடாவிலே சூதாட்ட விடுதியொன்றின் மதுச்சாலையில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் திறம்படப் பணிசெய்த ஒரு பெண், முகப்பூச்சும் உதட்டுச்சாயமும் அணிய மறுத்தமையால் வேலையிழந்து, மன்றிலும் தோற்றார். ஒப்பனைக்கு நேரமும் பணமும் செலவாகும் என்பதைத் தானாக ஏற்க மன்றம் மறுத்தது. ஆடவரின் சுமையிலும் பெண்டிரின் சுமை மிகுந்தது என்பதற்குச் சான்று கேட்டது.

இவ்விரு தீர்ப்புகளும் ஒரே தருக்கத்தின் இரு பக்கங்கள். மாற்ற முடியாததை மட்டுமே சட்டம் காக்கும் என்கிறது ஒன்று. மாற்றுவதற்காகும் உழைப்பை உழைப்பாகக் கணிக்காது என்கிறது மற்றையது. தோற்ற விதியின் இயல்போ மாற்றுமாறு பணிப்பதாகும். எனவே அது தொழிற்படும் இடத்திலேயே சட்டம் கண்ணை மூடிக்கொள்கிறது.

வேறு வழி தேடிய சட்டங்களும் உண்டு. மிச்சிகன் மாநிலம் 1976 இல் உயரத்தையும் நிறையையும், வாஷிங்டன் தலைநகர் 1977 இல் தோற்றத்தையும், பிரான்ஸ் 2001 இல் உடற்தோற்றத்தையும் தடைசெய்யப்பட்ட அடிப்படைகளிலே சேர்த்தன. கலிபோர்னியா 2019 இல் இனத்தோடு தொடர்புடைய கூந்தல் அமைப்பைக் காத்தது. நியூ யோர்க் நகரம் 2023 இல் உயரத்தையும் நிறையையும் சேர்த்தது. இவை வரவேற்கத்தக்கன. எனினும், ஐக்கிய அமெரிக்காவின் பெரும்பகுதியிலே காரணம் எதுவும் கூறாமலே தொழிலாளியை நீக்கும் உரிமை முதலாளிக்கு உண்டு. காரணமே வேண்டாத இடத்திலே ஒரு காரணத்தை மட்டும் தடைசெய்வதன் பயன் மட்டானதே.

6

இதுவரை கூறியவற்றிலிருந்து சில முடிவுகளுக்கு வரலாம். தோற்றப் பாகுபாடு ரசனையின் பிழை எனக் கொள்வோர் ரசனையைத் திருத்த முனைவர். அது சந்தையின் விலை எனக் கொள்வோர் நட்டஈடு கேட்பர். அது மெய்யுணர்வின் இழப்பு எனக் கொள்வோர் அகத்தின் விடுதலையை நாடுவர். இவை ஒவ்வொன்றிலும் ஓர் உண்மை உண்டு. ஆயின், இவை மூன்றும் ஒரு வினாவை நேர்நின்று எழுப்புவதில்லை: தொழிலாளி விற்பது உழைப்புச் சக்தியையெனின், அவரது உடலின் உருவத்தின் மீதும் ஆணை செலுத்தும் உரிமையை வாங்கியவர் எங்கிருந்து பெற்றார்? அவ்வுருவத்தைப் பேணும் உழைப்புக்குக் கூலி எங்கே?

பணிப்பெண்களின் போராட்டம் வென்ற இடங்களை நோக்கின், அவர்கள் இவ்வினாவை நடைமுறையிலே எழுப்பியமையைக் காணலாம். திருமணத் தடையும் வயதெல்லையும் தகர்ந்தமைக்கு வழக்குகளோடு, தொழிற்சங்க நடுத்தீர்ப்புகளும் கூட்டு ஒப்பந்தங்களும் காரணமாயின. தாம் அழகியரே என்றோ அழகற்றவர் என்றோ அவர்கள் வாதிடவில்லை. தாம் பாதுகாப்புப் பணியாளர், தொழிலாளர், முதுமையடையவும் சம்பள உயர்வு பெறவும் உரியவர் என்றே வாதிட்டனர். இதற்குச் செவிசாய்க்க உழைப்பாளர் இயக்கத்தின் ஆண் தலைமை நெடுங்காலம் தயங்கியது. அத்தயக்கத்துக்கு அடிப்படையானது, இது அற்ப விடயம் என்னும் அதே எண்ணந்தான்.

விமர்சனத் துறையிலும் அவ்வெண்ணம் நீங்கவேண்டும். வரவேற்பு மேசைகளிலும் விற்பனைக் கூடங்களிலும் விடுதிகளிலும் சேவைத் தொழில் விரிவடைந்துவரும் இக்காலத்திலே, விமானத்தின் ஒடுங்கிய அறையில் உருவான விதிகள் பல இலட்சம் பேரின் அன்றாட வாழ்வை ஆள்கின்றன. இன்று அவை கைந்நூலிலே அங்குலமாகவும் இறாத்தலாகவும் எழுதப்படுவது அருகிவிட்டது. ‘பொருத்தமான ஆளுமை’, ‘நிறுவனத்தின் பிம்பம்’ என்னும் மென்மையான தொடர்களில் அவை உறைகின்றன. அத்தொடர்களின் உள்ளே இருக்கும் நிறைத்தராசை வெளிக்கொணர்வது ஆய்வாளர் முன்னுள்ள பணியாகும்.